என் சீட்டை எங்கே வைப்பது?

"ஏன் இந்த நூலகப் படிப்பை எடுத்தாய்?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஏதோ ஒன்று சொல்லியிருக்கிறேன். மாமியாருக்கு ஒன்று, கணவருக்கு ஒன்று, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரிக்கு ஒன்று. எல்லாமே பாதி உண்மை. நர்சிங் படிக்கும் பெண்ணை யாரும் இப்படிக் கேட்பதில்லை. பி.எட். சேர்ந்தால் கேட்பதில்லை. நூலகவியல் என்று சொன்னால் மட்டும் எதிரில் இருப்பவரின் புருவம் ஏறுகிறது. அந்தப் புருவத்தைக் கீழே இறக்குவதற்காகவே நான் பதில்களைத் தயாரித்து வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றை என் கைப்பட எழுதியும் கொடுத்தேன். அது பிறகு எனக்கு எதிராகவே சாட்சி சொன்னது.

எங்கள் வீடு பல்லடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டோடு ஒட்டித் தறிக்குடோன். எட்டு விசைத்தறிகள். மாமனாரும் கணவரும் தறி ஓட்டுவார்கள். மாமியார் தார் சுற்றுவார். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூலை, சின்னக் குச்சிகளில் மெஷின் வைத்துச் சுற்றிக் கொடுப்பதற்குத்தான் அந்தப் பெயர். மருமகள் வந்தால் அந்த மெஷினில் உட்காருவாள் என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஏற்பாடு. நான் உட்கார்ந்தேன். பி.ஏ. வரலாறு படித்துவிட்டு வந்த இரண்டாம் மாதமே நன்றாகச் சுற்றக் கற்றுக்கொண்டேன். மகள் பிறந்த பிறகும் அவளைத் தொட்டிலில் போட்டுவிட்டுச் சுற்றினேன். தறிச் சத்தத்தில் அவள் அழுவது கேட்காது. தொட்டில் ஆடுவதைப் பார்த்துத்தான் எழுந்து போவேன்.

அவளுக்கு இரண்டு வயது ஆனபோது, கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் ஓராண்டு நூலகவியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் கொடுக்கிறார்கள் என்று நாளிதழில் பார்த்தேன். அந்தத் துண்டை வெட்டி அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். நான்கு நாள் கழித்துக் கணவரிடம் சொன்னேன். உட்கார்ந்து பார்க்கிற வேலை, பத்து மணிக்குப் போய் ஐந்து மணிக்கு வந்துவிடலாம், குழந்தையையும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். இதெல்லாம் உண்மைதானா என்று எனக்குத் தெரியாது. அவர் தன் அம்மாவிடம் சொன்னார்.

மாமியார் தார் மெஷினை நிறுத்தாமலே கேட்டார்.

"ஏனம்மிணி, பொஸ்தகத்த அடுக்கறதுக்கு ஒரு படிப்பா? நானு முப்பது வருசமாத் தார்ப்பொட்டி அடுக்கறேன். எனக்கு எந்தக் காலேசுல பட்டம் குடுத்தாங்க?"

நானும் சிரித்துவிட்டேன். என் மாமியார் பேசினால் சிரிக்காமல் இருப்பது கஷ்டம். அவர் சிரிக்கவில்லை.

"போறதுன்னாப் போ. ஆனா புள்ளைக்குச் சீக்குன்னு ஒண்ணு வந்துச்சுன்னா அன்னைக்கே நின்னுபோடோணும். இப்பவே சொல்லிப்போட்டேன்."

"சரிங்க அத்தை."

அந்த வீட்டில் நான் அதிகமாகச் சொன்ன வாக்கியம் இதுதான். யோசிக்காமல் சொல்லிவிடுவேன், பிறகு இரண்டு நாள் யோசிப்பேன்.

ஆடி பிறப்பதற்கு முன்பே வகுப்பு தொடங்கியது. இருபத்தாறு பேர். கைக்குழந்தைக்காரி நான் ஒருத்திதான். முதல் நாள் பேராசிரியை வந்து ஆளுக்கொரு அட்டை கொடுத்தார். ஐந்து அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், கீழே நடுவில் ஒரு துளை. நூலகத்தில் இழுப்பறை இழுப்பறையாக அடுக்கியிருக்கும் அதே அட்டை. கம்பி அந்தத் துளைக்குள் போய் அட்டைகளைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வகுப்பில் எல்லோரும் அதைச் சீட்டு என்றுதான் சொன்னோம்.

"இந்தப் படிப்புக்கு ஏன் வந்தீங்க? ஒரே வரி. பேர் எழுத வேண்டாம்."

சுற்றிலும் பேனாக்கள் ஓடின. நான் மேல்விளிம்பில் தேதி போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கே ஆசையாக இருந்தது என்று எழுதலாம். எழுதினால், இரண்டு வயதுக் குழந்தையை விட்டுவிட்டு ஆசைக்காக வந்தவள் என்று ஆகும். பெயர் இல்லாத சீட்டில்கூட எனக்கு அந்தப் பயம் இருந்தது. கடைசியில் எழுதினேன்: "குழந்தையைப் பார்த்துக்கொண்டே செய்ய ஏற்ற வேலை என்று வீட்டில் சொன்னார்கள்."

வீட்டில் யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு நான்தான் அதைச் சொன்னேன்.

மறுநாள் பேராசிரியை அந்தச் சீட்டுகளைக் கலைத்து மேசைமேல் போட்டார். இதுதான் வகைப்படுத்தல் பாடத்தின் முதல் பயிற்சி என்றார். ஒத்த காரணங்களைச் சேர்த்து, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு தலைப்புக் கொடுக்க வேண்டும். ஒரு புத்தகம் ஒரே சமயத்தில் இரண்டு அலமாரியில் நிற்க முடியாது, அதனால் ஒரு சீட்டுக்கு ஒரே இடம்தான். 'பலவகை' என்ற தலைப்பில் எதையும் தள்ளக்கூடாது. அது சோம்பேறிகளின் தலைப்பு.

மேசையைச் சுற்றி நின்றோம். சீட்டுகளைப் படிக்கப் படிக்கச் சிரிப்பு. எம்.ஏ.வுக்கு இடம் கிடைக்கவில்லை என்று ஐந்தாறு பேர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இந்த வரிசை சீக்கிரம் நகரும் என்று சிலர். கம்ப்யூட்டர் சொல்லித் தருவார்கள் என்று கேள்விப்பட்டேன் என்று ஒருவர். கல்யாணம் ஆகும்வரை என்று ஒருத்தி, அதற்குக் கீழே கோடு வேறு போட்டிருந்தாள். புத்தகம் படிக்கப் பிடிக்கும் என்று எழுதியவர்கள் இரண்டே பேர். அதைப் பேராசிரியை தனியாக எடுத்துப் பார்த்து, "இவங்க ரெண்டு பேரும் முதல் மாசத்துலயே ஏமாந்து போவாங்க" என்றார்.

ஈரோட்டிலிருந்து வந்த ஒருவன் ஒரு சீட்டைத் தூக்கிக் காட்டினான். அவன் வீட்டில் மஞ்சள் மண்டி.

"பேசாம இருக்கற வேலையாமாங்க! எங்க மண்டில ஏலத்தன்னைக்கு ஒரு மணி நேரம் நின்னீங்கன்னா நீங்க எல்லாருமே இதத்தான் எழுதுவீங்க."

அடுத்து வந்த சீட்டில், 'நின்றுகொண்டு பாடம் நடத்த என் காலால் முடியாது' என்று இருந்தது. அவன் அதை 'வேறு வழியில்லாமல் வந்தவர்கள்' கட்டில் வைக்கப் போனான். என் பக்கத்தில் நின்ற தாராபுரத்துப் பெண் சட்டென்று கையை நீட்டினாள். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பியவள்.

"அது என்றதுங்க. அதுல வெச்சீங்கன்னா சண்டைக்கு வருவேன். வேலைங்கற கட்டுல வைங்க. எனக்கு வழியெல்லாம் இருக்குது. காலுதான் ஒண்ணு சரியில்ல."

பெயர் இல்லாத சீட்டை அவள் எல்லார் முன்னாலும் தன்னுடையது என்று சொல்லி எடுத்தாள். ஈரோட்டுக்காரன் காதைப் பிடித்துக்கொண்டு, "தப்புங்க அக்கா" என்றான். சீட்டு இடம் மாறியது.

அதற்கடுத்து அவன் எடுத்ததுதான் என் சீட்டு.

"ஐயோ பாவம், யாரையோ ஊட்டுல புடிச்சுத் தள்ளி உட்டிருக்கறாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும் என்று. என் சீட்டு 'பிறர் சொல்லி வந்தவர்கள்' என்ற தலைப்பின் பின்னால் போய்ச் சேர்ந்தது. பேராசிரியை கட்டுகளை ஓர் இழுப்பறையில் வரிசையாக வைத்துக் கம்பியைச் செருகினார். அது துறையின் ஜன்னலோரத்தில் அந்த வருடம் முழுவதும் இருந்தது.

ஆவணி முடிவதற்குள் மகளுக்கு இளைப்பு வந்தது. விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. பல்லடத்தில் டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "தூசி ஆகாதும்மா, தூசியில்லாம பாத்துக்கங்க" என்றார்.

வெளியே வந்ததும் மாமியார் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சொன்னார்.

"கேட்டியாம்மிணி? தூசியாமா. நீ போயி எடுத்து அடுக்கறதெல்லாம் அந்தக் காலத்துப் பொஸ்தகம். அந்தத் தூசியச் சீலைல வாரிக்கிட்டு வந்து புள்ளயத் தூக்கற."

நான் நம்பினேன். அதை இன்றைக்கு எழுதும்போதுதான் எனக்கு எரிச்சல் வருகிறது. அப்போது வரவில்லை. அன்றிலிருந்து கல்லூரி விட்டு வந்ததும் நேராகப் பின்கட்டுக் குழாயடிக்குப் போவேன். தலையோடு குளித்து, சேலையைத் தனி வாளியில் ஊறப் போட்டுவிட்டுத்தான் மகளைத் தொடுவேன். மார்கழிக் குளிரிலும் அப்படித்தான். மகள் அதைக் கற்றுக்கொண்டாள். வாசலில் என்னைப் பார்த்ததும் ஓடி வருவாள், நான்கடி தூரத்தில் நின்றுவிடுவாள்.

"அம்மா, தண்ணி வாத்துட்டியா?"

"இல்ல கண்ணு, இதோ வாரேன்."

அவள் குழாயடிக்கு வெளியே குந்தி உட்கார்ந்து காத்திருப்பாள். மூன்று வயதுகூட ஆகாத குழந்தை.

தை பிறந்து பொங்கல் விடுமுறை முடிந்ததும் எங்களை இருப்புச் சரிபார்ப்புக்கு அனுப்பினார்கள். ஊருக்குள் ஒரு பழைய நூலகம். பதிவேட்டில் இருக்கும் ஒவ்வொரு புத்தகமும் அலமாரியில் இருக்கிறதா என்று ஒருவர் எண்ணைப் படிக்க, ஒருவர் தேடி எடுத்துக் காட்ட வேண்டும். பத்து நாள் வேலை. நானும் தாராபுரத்துப் பெண்ணும் ஜோடி. அவள் உட்கார்ந்து படிப்பாள், நான் ஏணியில் ஏறித் தேடுவேன். எண்ணைக் கேட்டதும் எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று இரண்டாம் நாளே கால் தானாகப் போக ஆரம்பித்தது. ஒரு தறி நூல் அறுந்தால் சத்தத்திலேயே மாமனாருக்குத் தெரியும். அதுபோல ஒரு புத்தகம் இடம் மாறி நின்றால் எனக்குக் கண்ணில் பட்டது. உள்ளுக்குள் ஒரு கர்வம். அந்தக் கர்வத்தோடு நான்காம் நாள் வீட்டுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது.

மகளை டாக்டரிடம் கொண்டுபோயிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தில் மருந்துப்புகை மாஸ்க் வைத்து மாமியார் மடியில் கிடந்தாள். என்னைப் பார்த்து, மாஸ்க்குக்குள்ளிருந்தே கையை 'வராதே' என்பதுபோல் காட்டினாள். நான் இன்னும் குளிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

மாமியார் அவள் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"நாஞ் சொல்லியிருந்தேன் அம்மிணி."

"ஆமாங்க அத்தை."

கணவரைப் பார்த்தேன். "நீயே முடிவு பண்ணிக்க" என்றார். முடிவு ஏற்கனவே ஆகிவிட்டது என்று அவர் முகத்தில் இருந்தது.

மறுநாள் முழுக்க மகளோடு இருந்தேன். அதற்கு அடுத்த நாள், படிப்பை நிறுத்திக்கொள்கிறேன் என்று ஒரு கடிதம் எழுதி, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். பேருந்து சூலூர் தாண்டும்வரை அழுதேன். பிறகு யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நிறுத்திக்கொண்டேன்.

துறையில் பேராசிரியை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நான் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். நான் எதிர்பார்த்தது ஒன்றுதான்: கொஞ்சம் யோசியுங்கள் என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். அவர் நிமிராமலே பேசினார்.

"ஒவ்வொரு வருசமும் இப்படி ஒருத்தர் ரெண்டு பேர். கைக்குழந்தைக்காரங்களுக்கு அட்மிஷன் குடுக்க வேண்டாம்னு நான் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். உங்க எடத்துல வேற யாராவது படிச்சிருப்பாங்க."

"குழந்தைக்கு ரொம்ப முடியலீங்க மேடம்."

"உங்களக் குத்தம் சொல்லலம்மா. நீங்களா ஆசப்பட்டு வந்தவங்க இல்லையே."

ஜன்னலோரத்து இழுப்பறையிலிருந்து கம்பியை உருவி, ஒரு சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "நீங்க எழுதினதுதானே? குழந்தைன்னு எழுத வேற யார் இருக்கா. வீட்ல சொன்னாங்க, வந்தீங்க. இப்ப வீட்ல வேண்டாங்கறாங்க, போறீங்க. லெட்டரைக் குடுத்துட்டுப் போங்க."

என் கையெழுத்து. நூலகக் கையெழுத்து என்று சொல்லிக் கொடுக்கும் அந்த வட்ட எழுத்தைக் கற்பதற்கு முன்னால் இருந்த, அவசரமான, சாய்ந்த கையெழுத்து. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவர் என்னை முழுவதுமாக வகைப்படுத்தி முடித்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை. அவருக்கு அந்தச் சீட்டைக் கொடுத்ததே நான்தான்.

"அது பொய்யிங்க மேடம்."

இப்போதுதான் நிமிர்ந்தார்.

"எது பொய்?"

"வீட்டுல யாரும் சொல்லலீங்க. நானா வந்தனுங்க."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

பி.ஏ. படித்த நாட்களில் புத்தகம் எடுக்க நூலகச் சாளரத்துக்கு வெளியே நின்ற நினைவு வந்தது. பெயரை எழுதிக் கொடுத்தால் உள்ளிருந்து எடுத்துத் தருவார்கள், அலமாரிப் பக்கம் எங்களை விடமாட்டார்கள். உள்ளே போகவேண்டும் என்ற பிடிவாதமா? இருக்கலாம். எட்டு மணியிலிருந்து ஆறு மணிவரை தார் மெஷினிலிருந்து தப்பிக்கலாம் என்பதா? அதுவும் இருக்கலாம். அப்படியே இருந்தாலும் என்ன? தறியிலிருந்து எழுந்து வெளியே போக ஆசைப்படும் ஆணை ஊரில் யாரும் விசாரிப்பதில்லை. ஆனால் இவற்றில் எதைச் சொன்னாலும் அதுவும் இன்னொரு பாதி உண்மையாகிவிடும் என்று தோன்றியது.

"தெரியலீங்க மேடம். ஆனா நிக்க மாட்டனுங்க."

"கைல என்ன அது, லெட்டரா?"

"இல்லீங்க. பஸ் டிக்கெட்டுங்க."

அதுவும் பொய்தான். அந்த ஒரு பொய்க்கு மட்டும் நான் வருத்தப்படவில்லை. மேசைமேல் இருந்த சீட்டை எடுத்துக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. "அப்ப மத்தியானம் சரிபார்ப்புக்குப் போயிருங்க, நேத்தே உங்க ஜோடி தனியாக் கஷ்டப்பட்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு விடைத்தாளுக்குத் திரும்பினார்.

வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பிள்ளைக்கு என்னால்தான் இளைப்பு என்றால், இந்த வீராப்பு எவ்வளவு பெரிய பாவம்? அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்காது என்று ஆயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பொருள்களை எடுத்துக்கொண்டு முன்னறைத் தரையில் உட்கார்ந்தேன். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டுகள், எல்லாவற்றையும் ஒரு பால் கவரில் சேர்த்து வைத்திருந்தேன். என் வகுப்பு நோட்டு, அதில் போன நாளும் போகாத நாளும் இருந்தன. குடோன் சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டர், போன வருடத்துத் தாள்களோடு. அதில் மாமனார் தறிகளில் புதுப் பாவு நூல் ஏற்றிய நாளையும் தறி நின்ற நாளையும் பென்சிலால் குறித்திருப்பார். அட்டைக்குப் பஞ்சமில்லை. பயிற்சியில் தப்பாக எழுதிக் கழித்தவை கட்டுக்கட்டாக என்னிடம் இருந்தன, பின்பக்கம் காலி.

ஒரு முறை இளைப்பு வந்ததற்கு ஓர் அட்டை. மேலே தேதி. கீழே, அன்று நான் கல்லூரிக்குப் போனேனா, தறிகள் எத்தனை ஓடின, குழந்தை எந்த அறையில் தூங்கினாள், யார் வீட்டில் இருந்தாள். பதினொரு அட்டைகள் ஆயின.

முதலில் என்னை வைத்துப் பிரித்தேன். கல்லூரிக்குப் போன நாள் ஆறு, போகாத நாள் ஐந்து. அதில் ஒன்றும் தெரியவில்லை. கலைத்துவிட்டுத் தறியை வைத்துப் பிரித்தேன். ஒன்பது அட்டைகள் எட்டுத் தறியும் ஓடிய நாட்களில் போய் விழுந்தன. தீபாவளிக்கு என் அம்மா வீட்டில் இருந்த வாரத்தில் ஓர் அட்டைகூட இல்லை. பொங்கலுக்குத் தறி நின்ற நாட்களில் இல்லை. நான் ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த அந்த வாரம், அவசர ஆர்டருக்காக ராத்திரியும் தறி ஓட்டியிருந்தார்கள். குழந்தை படுக்கும் அறையின் கதவு குடோனுக்குள் திறக்கும். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். கொசுவலை முழுக்க வெள்ளைப் பஞ்சு. ஜன்னல் கம்பியில் பஞ்சு. ஐந்து மாதமாக ஓர் அழுக்குச் சேலையைக் குற்றவாளியாக வைத்துத் துவைத்துக்கொண்டிருந்த நான், தினமும் அந்தக் கொசுவலையை உதறிக் கட்டியிருக்கிறேன். பஞ்சு எங்கள் வீட்டில் தூசி இல்லை. அது தொழில். அதனால் அது என் கண்ணில் படவில்லை. அத்தைக்கும் படவில்லை.

இரண்டு அட்டைகள் எதிலும் சேரவில்லை. ஒன்றில் தறியும் ஓடவில்லை, நானும் கல்லூரிக்குப் போகவில்லை. இன்னொன்று, வேறொரு முறை என் அம்மா வீட்டுக்குப் போகும் வழியில் பேருந்திலேயே வந்தது. அவற்றைத் தனியாக வைத்தேன். 'பலவகை' என்று எழுதவில்லை.

அட்டைகளின் துளையில் தார்க்குச்சி நூலைக் கோத்து முடிந்து, மாமியாரிடமே காட்டினேன். கணவரும் பக்கத்தில் இருந்தார். மாமியார் எழுத்துக் கூட்டிப் படிப்பார். இரண்டு அட்டை படித்ததும் விஷயம் பிடிபட்டுவிட்டது.

"சீட்டெழுதி என்ற தறி மேல கேசு போடறயா?"

"கேசு இல்லீங்க அத்தை. அடுக்கிப் பாத்தனுங்க. அவ்வளவுதான்."

"இந்தத் தறிதான் உனக்குச் சோறு போடுது."

"ஆமாங்க அத்தை. தறிய நிறுத்தச் சொல்லலீங்க. புள்ளயத்தான் முன்னறைல போடலாம்னு சொல்றேன். அப்பறம், நான் படிப்ப நிறுத்த மாட்டேனுங்க. சீக்கு வந்தா நின்னுக்கறேன்னு நானே சொன்னேன். அன்னைக்குத் தெரியாம சொல்லிப்போட்டனுங்க."

அந்த வீட்டில் நான் 'சரிங்க அத்தை' சொல்லாத முதல் நாள் அது. கணவர் தனியாக இருந்த இரண்டு அட்டைகளை எடுத்தார்.

"இது ரெண்டும்?"

"அது ஏன்னு தெரியலீங்க."

"தெரியலைன்னா?"

"தெரியலைன்னுதான் வெச்சிருக்கேன்."

அவர் அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். மற்ற ஒன்பதை அவர் நம்பியது இந்த இரண்டினால்தான் என்று எனக்குத் தோன்றும். அது என் கற்பனையாகவும் இருக்கலாம். அவர் எதையும் விளக்குகிறவர் இல்லை.

மறுநாள் நான் கல்லூரியிலிருந்து வந்தபோது குடோன் கதவு அடைத்து, அதன்மேல் ஈரச் சாக்கு தொங்கிக்கொண்டிருந்தது. மகளின் படுக்கை முன்னறைக்கு வந்திருந்தது. மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்த ரூம்புல காத்தே வராது. நாந்தான் மாத்திப்போட்டேன்." அந்தக் காரணச் சீட்டு அவருடைய கட்டுக்குள் இருந்துவிட்டுப் போகட்டும்.

மகள் ஓடி வந்து வழக்கமான தூரத்தில் நின்றாள்.

"தண்ணி வாத்துட்டியா?"

"வாக்கல கண்ணு. வா."

அவள் வரவில்லை. பாட்டியைத் திரும்பிப் பார்த்தாள். நானே அந்த நான்கடியைக் கடந்து போய் அவளைத் தூக்கினேன், ஏணியின் தூசியோடு, பேருந்தின் வியர்வையோடு. மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று சாயங்காலம் முழுவதும் காதை அவள் மார்பில் வைத்து வைத்துக் கேட்டேன். தைரியம் எல்லாம் அவ்வளவுதான். மூச்சு சீராக இருந்தது.

இளைப்பு முழுக்க நின்றுவிடவில்லை. குறைந்தது. அதன் பிறகும் மூன்று அட்டை எழுதினேன். ஒவ்வொரு முறையும் என் சேலையாகவே இருக்குமோ என்ற சந்தேகம் எட்டிப் பார்த்தது. சந்தேகத்தோடேயே தேர்வு எழுதினேன், தேறினேன்.

இப்போது ஒரு கடிதம் வந்திருக்கிறது. தாராபுரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நூலகர் வேலைக்கு, வரும் வாரம் நேர்காணல். என் தோழி, அந்தத் தாராபுரத்துப் பெண், அதே ஊரில் வேறொரு பள்ளி நூலகத்தில் இருக்கிறாள், தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்து வைத்திருக்கிறாள். குழந்தையை என்ன செய்வாய் என்று கேட்டு யாரும் எழுத வேண்டாம். மகள் என்னோடு வருகிறாள். கணவர் வாரக் கடைசியில் வருவார். மாமியார் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "தாராபுரத்துலயும் தூசி இருக்குது அம்மிணி" என்றார். பிறகு உள்ளே போய்க் கொசுவலையைத் துவைக்க எடுத்துப் போட்டார், நாங்கள் கொண்டுபோவதற்கு.

எனக்குப் பயம் அந்த மேசையைப் பற்றித்தான். நான்கைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். முதல் கேள்வி எதுவென்று எனக்குத் தெரியும். குழந்தைக்கு ஏற்ற வேலை என்றால், 'அப்போ லீவு நிறையப் போடுவீங்க' என்பார்கள். புத்தகம் பிடிக்கும் என்றால் மனப்பாடம் என்று நினைப்பார்கள். தெரியாது என்றால் வேலை கொடுக்க மாட்டார்கள். பேராசிரியையிடமிருந்து எடுத்து வந்த அந்தச் சீட்டு மகளின் அட்டைக் கட்டோடுதான் இருக்கிறது, எதிலும் சேராத அந்த இரண்டு அட்டைகளுக்குப் பின்னால். அதன் பின்பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் இந்தப் படிப்பைப் படித்தவர்கள் இருப்பீர்கள். படிக்காமலே ஏதோ ஒன்றை ஏன் என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றவர்களும் இருப்பீர்கள். அந்த மேசைக்கு முன்னால் நீங்கள் என்ன சொன்னீர்கள்? பொய் இல்லாமலும் சொல்ல வேண்டும், வேலையும் கிடைக்க வேண்டும். நான் என்ன சொல்லட்டும்? சீக்கிரம் எழுதுங்கள். போகாதே என்று மட்டும் எழுதாதீர்கள்.